ஏசி அறையில் இருபது நொடி

போன மாதம் வேலூரில் டாக்டர் என் கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். குழி விழுந்தது. விழுந்த குழி எழுந்திருக்க மனமில்லாமல் அப்படியே கிடந்தது.

"ஃப்ளூயிட் ஜாஸ்தியா சேருது சார். இனிமே ஒரு நாளைக்கு ஒரு லிட்டர்தான். காபி, மோர், ரசம் எல்லாம் சேர்த்து."

"ரசத்த சாதத்துல ஊத்திக்கிட்டா?"

"ஊத்திக்கிட்டாலும் அது ரசம்தான் சார்."

அன்றிலிருந்து எங்கள் வீட்டுச் சமையலறையில் ஒரு பாட்டில் நிற்கிறது. காலையில் என் மனைவி அதில் ஒரு லிட்டர் தண்ணீர் பிடித்து வைப்பார். நான் ஒரு டம்ளர் காபி குடித்தால், பாட்டிலிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் கறிவேப்பிலைச் செடிக்குப் போகும். செடி செழிப்பாக இருக்கிறது. நான் வாடிக்கொண்டிருக்கிறேன்.

அதைவிட, அந்தச் சொல்தான் என்னை விடவில்லை. ஃப்ளூயிட். ஃப்ளூயிடிட்டி. முப்பத்தைந்து வருடம் எனக்குச் சோறு போட்ட சொல் அது. தோல் தொழிற்சாலையில் ஃபினிஷிங் பிரிவின் டெக்னீஷியனாக இருந்தவன் நான் என்பது வாரா வாரம் இந்தப் பத்தியைப் படிப்பவர்களுக்குத் தெரியும். கல்லூரியில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரே அர்த்தம்தான். ஒரு திரவம் எவ்வளவு சுலபமாக ஓடுகிறதோ, அவ்வளவு ஃப்ளூயிடிட்டி. தேனுக்குக் கம்மி, தண்ணீருக்கு ஜாஸ்தி. அதற்குமேல் அதில் என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது போல. டிவியைப் போட்டால் ஒருவர் ஏதோ ஒரு நாட்டின் நிலவரம் 'ஃப்ளூயிடாக' இருக்கிறது என்கிறார். ஒரு நடனக் கலைஞரின் கைகளில் ஃப்ளூயிடிட்டி இருப்பதாகப் பத்திரிகையில் எழுதுகிறார்கள். பெங்களூரில் படிக்கும் என் தங்கையின் பேரப்பிள்ளை ஒருநாள் போனில், "தாத்தா, நான் ஜெண்டர் ஃப்ளூயிட்" என்றது. எனக்குப் புரியவில்லை என்று சொன்னேன். ஆண், பெண் என்று ஒன்றிலேயே நிலையாக நிற்காமல் இருப்பது என்று அரை மணி நேரம் பொறுமையாக விளக்கியது. பாதி புரிந்தது. மீதிப் பாதிக்கு என்ன சொல்வதென்று தெரியாமல், "சாப்டியா?" என்று கேட்டேன். "இது போதும் தாத்தா" என்றது.

தமிழில் என்ன சொல்வது? பாடப்புத்தகத்தில் பாய்மம் என்று போட்டிருக்கிறார்கள். இளக்கம், நெகிழ்வு, ஓட்டம்... ஒவ்வொன்றும் ஓரிடத்தில் உட்காருகிறது, அடுத்த இடத்தில் வழுக்குகிறது.

இந்தக் குழப்பத்தில் இருக்கும்போதுதான் ஆம்பூரில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையிலிருந்து போன் வந்தது. எச்.ஆர். மேனேஜர் நிவேதா. சின்ன வயது, சென்னைக் குரல்.

"சார், ஒர்க்கர்ஸுக்கு ஒரு ட்ரெய்னிங் வெச்சிருக்கோம். நீங்க சீனியர். ஒரு பத்து நிமிஷம் பேசினா போதும்."

"எதப் பத்திம்மா?"

"ஃப்ளூயிடிட்டி பத்தி சார்."

எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? ஓய்வு பெற்ற இத்தனை வருடங்களில், எனக்குத் தெரிந்த ஒன்றைப் பற்றிப் பேச யாரும் கூப்பிட்டதில்லை. அலமாரியைக் குடைந்து என் பழைய கப்பை எடுத்துத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு போனேன்.

கப் என்றால் காபி கப் இல்லை. அடியில் சின்னத் துளை உள்ள உலோகக் கிண்ணம். தோலுக்குப் பூசும் சாயக் கலவையை அதில் நிரப்பி, துளையை விரலால் அடைத்துக்கொள்ள வேண்டும். விரலை எடுத்ததும் ஸ்டாப்வாட்ச்சைத் தட்ட வேண்டும். கலவை நூல் மாதிரி இறங்கும். அந்த நூல் எந்த நொடியில் அறுந்து சொட்டாகிறதோ, அதுதான் அளவு. இருபது நொடி என்று சீட்டில் இருந்தால் இருபது நொடி. நொடி கூடினால் கலவை கெட்டி, குறைந்தால் தளர்த்தி. ஃபினிஷிங்கில் எங்களுக்கு வேதம் அதுதான்.

கேன்டீன் ஹாலில் இருநூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பாதிக்குமேல் பெண்கள், மாதனூர்ப் பக்கத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவர்கள். நிவேதா மைக்கைப் பிடித்தார்.

"ஒர்க் ஃப்ளூயிடிட்டின்னா சிம்பிள். இன்னைக்கு பேக்கிங், நாளைக்கு ட்ரிம்மிங், அடுத்த நாள் ஃபினிஷிங். எங்க தேவையோ அங்க போகணும். தண்ணி மாதிரி. இப்ப சார் அதைப் பத்திப் பேசுவாங்க."

நான் பையிலிருந்து கப்பை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். கடைசியில் அதை வைத்தே ஏதோ பேசினேன். கப், துளை, நூல், நொடி. முன்வரிசையில் ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளிடம், "இன்னாடி, சாருக்கு டீ வேணுமாமா?" என்று மெதுவாகக் கேட்டது எனக்கே கேட்டது. சிரித்தேன். எல்லாரும் சிரித்தார்கள். தப்பித்தோம் என்று நினைத்தேன்.

நடு வரிசையில் ஒரு பெண் எழுந்தார். முப்பது, முப்பத்திரண்டு வயதிருக்கும். நீல ஏப்ரன்.

"சார், நான் பவானி. மிக்சிங் ரூம். ஒரு டவுட்டு."

"கேளும்மா."

"நான் சின்னப் புள்ளையா இருந்தப்ப எங்க அப்பாவ ஸ்ப்ரேல இருந்து சுண்ணாம்பு பக்கம் மாத்தினாங்க. ரிட்டயர் ஆகுற வரைக்கும் அங்கயேதான் இருந்தாரு. அதுவும் இந்த ஃப்ளூயிடிட்டிதானா சார்? இல்ல, அது வேறயா?"

"அப்பா பேர் என்ன?" என்றார் நிவேதா.

"ஏழுமலை."

"தண்ணி ஊத்துன ஏழுமலையா..." என்று பின்வரிசையில் ஒரு ஆண் குரல் இழுத்தது. அங்கங்கே சிரிப்பு. பவானி திரும்பிப் பார்க்கவில்லை. உட்காரவுமில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது... அப்போ நிர்வாக முடிவும்மா" என்றேன்.

பொய். அது என் முடிவு.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அந்தக் காலத்தில் எங்கள் லேபுக்கு ஏசி கிடையாது. வெளியே என்ன வெயிலோ, அதே வெயில்தான் உள்ளேயும். அளவுகள் துல்லியமாக இருக்க ஏசி வேண்டும் என்று நிர்வாகத்துக்குக் கடிதத்துக்குமேல் கடிதம் எழுதி, ஒரு கோடையில் வாங்கிவிட்டேன். துல்லியம் என்ற சொல்லை அந்தக் கடிதங்களில் எத்தனை முறை எழுதினேன் என்று ஞாபகமில்லை.

ஏசி வந்த அதே மாதம், ஒரு பெரிய ஏற்றுமதி லாட். காப்பிக்கொட்டை நிறம். கலவையின் சாம்பிள் லேபுக்கு வந்தது. அளந்தேன், இருபது நொடி. கையெழுத்துப் போட்டேன். ஏழுமலை ஸ்ப்ரே கன்னில் அடித்தார். மறுநாள் பார்த்தால் தோல்களில் திட்டுத் திட்டாக நிறம். கலவை தளர்த்தியாக இருந்து உள்ளே இறங்கிவிட்டது. வெளிநாட்டு பையர் மொத்தத்தையும் வேண்டாமென்று தள்ளிவிட்டார்.

நான் கப்பை எடுத்துக்கொண்டு ஸ்ப்ரே ஷெட்டுக்குப் போனேன். டிரம்மில் மிச்சமிருந்த கலவையை அங்கேயே அளந்தேன். பதினைந்து நொடி. லேபில் இருபது, ஷெட்டில் பதினைந்து. அப்படியென்றால் நான் பாஸ் செய்த பிறகு யாரோ தண்ணீர் சேர்த்திருக்க வேண்டும். ஸ்ப்ரே அடிக்கிறவர்கள் கன் அடைக்காமல் இருக்கத் தண்ணீர் ஊற்றுவார்கள் என்று ஒரு பேச்சு எப்போதும் உண்டு. கன்னைப் பிடித்தவர் ஏழுமலை. ரிப்போர்ட் எழுத எனக்குப் பத்து நிமிடம் ஆனது.

வேலையை விட்டு எடுக்கவில்லை, சுண்ணாம்பு யார்டுக்கு மாற்றினார்கள். பச்சைத் தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்து முடி நீக்குகிற இடம். நாற்றமும் கை வெந்துபோவதும் அங்கே அன்றாடம். எந்தத் தெருக்காரர்களை அந்த வேலைக்கு வைப்பார்கள் என்பது எங்கள் ஊரில் யாரும் எழுதிவைக்காத, எல்லாருக்கும் தெரிந்த விஷயம். ஏழுமலை தன் காலனியிலிருந்து ஸ்ப்ரே வரைக்கும் வந்த முதல் ஆள். அவரை நான் திருப்பி அனுப்பினேன்.

ஒரு வாரம் கழித்து, அதே டிரம்மிலிருந்து ஒரு சின்ன டப்பா நிறையக் கலவையை வேறு ஏதோ வேலைக்காக லேபுக்குக் கொண்டுவந்து வைத்தேன். சாப்பிட்டுவிட்டு வந்து சும்மா அளந்தேன். இருபது நொடி.

நின்றுவிட்டேன்.

டப்பாவை வெளியே வெயிலில் வைத்துவிட்டு மறுபடி அளந்தேன். பதினைந்து.

யாரும் தண்ணீர் சேர்க்கவில்லை. குளிரில் கெட்டியாக இருந்தது, நாற்பது டிகிரி ஷெட்டில் இளகிவிட்டது. அவ்வளவுதான். சூடேறினால் திரவம் சுலபமாக ஓடும் என்று முதல் வருடப் பாடத்திலேயே இருக்கிறது. அந்தப் பாடத்தில் நான் நல்ல மார்க் வாங்கியிருந்தேன். ஷெட்டில் அளக்க வேண்டியதை ஏசியில் அளந்தது நான். தவறு முழுக்க முழுக்க என்னுடையது.

சொல்லியிருக்கலாம். ரிப்போர்ட் மேலே போய்விட்டது, பையருக்குப் பதில் எழுதியாகிவிட்டது, நான் கேட்டு வாங்கிய ஏசி... என்ன சொல்லி என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன் என்று இப்போது யோசித்தால் சரியாக நினைவில்லை. மறுநாளிலிருந்து கப்பை ஷெட்டுக்கே எடுத்துப்போய் அளக்க ஆரம்பித்தேன். யாரிடமும் காரணம் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது — எனக்கு அரை கப் — நிவேதா பக்கத்தில் வந்து நின்றார்.

"சார், மிக்சிங் ரூமுக்கு லீட் போடணும். பவானிதான் பெஸ்ட். கெமிஸ்ட்ரி படிச்சிருக்காங்க, ஆறு வருஷமா அங்கயே இருக்காங்க. ஆனா ஃப்ளோர்ல ஒர்க்கர்ஸ் ஒரு மாதிரி பேசுறாங்க. தண்ணி ஊத்துனவர் பொண்ணு கைல மிக்சிங்கக் குடுக்கறதான்னு. பழைய ஃபைல்ல ஏதோ ரிப்போர்ட் இருக்காம். நீங்க எழுதினதாமே சார். இந்தத் திங்கட்கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமை முடிவு பண்றோம். உங்க ஒப்பீனியன் என்ன?"

கேள்வி நேராக வந்து நின்றது. இருபது வருடத்துக்குமேல் கழித்து இப்படி ஒரு வாய்ப்பு யாருக்குக் கிடைக்கும்?

"ஃபைலப் பாத்துட்டு சொல்றேம்மா" என்றேன்.

நான் எழுதிய ரிப்போர்ட்டில் நான் எதைப் பார்க்க வேண்டும்?

வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் சொன்னேன். முதல் முறையாக. அவர் பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கேட்டார். பிறகு, "ஒவ்வொரு வாரமும் ஊருக்கே எல்லாத்தையும் எழுதுறீங்க. இது மட்டும் எப்படி விட்டுப்போச்சு?" என்றார்.

மறுநாள் காலை ஏழுமலையைப் பார்க்கக் கிளம்பினேன். மாதனூர் வரை பஸ், அங்கிருந்து ஷேர் ஆட்டோ. பாலத்தைத் தாண்டும்போது பாலாற்றைப் பார்த்தேன். மணலும் முள்ளும்தான். ஓடுவதற்கென்றே பெயர் வாங்கியது ஓடாமல் கிடந்தது.

காலனியில் கேட்டதும் வீட்டைக் காட்டினார்கள். ஏழுமலை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பழைய டேபிள் ஃபேனைப் பிரித்துப் போட்டிருந்தார். மெலிந்திருந்தார். நகங்கள் பாதிக்குமேல் இல்லை. சுண்ணாம்பு தின்றது.

"யாரு... சாரா? வாங்க சார். உக்காருங்க."

உட்கார்ந்தேன். "எப்படி இருக்கீங்க ஏழுமலை?"

அவர் ஸ்க்ரூவைக் கீழே வைத்தார். "இன்னா சார், புதுசா 'ங்க' போடுறீங்க. உடம்பு கிடம்பு சரியில்லையா?"

என்னால் சிரிக்க முடியவில்லை. அவர் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். அவர் மனைவி பெரிய சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார்.

நான் தயங்கினேன். காலையில் காபியாகவும் கஞ்சியாகவும் பாதி லிட்டர் ஏற்கெனவே உள்ளே போயிருந்தது. மனம் தானாகக் கணக்குப் போட்டது. ஒரு நொடி, இரண்டு நொடி. நிமிர்ந்து பார்த்தால் இருவர் முகமும் மாறியிருந்தது. அந்த அம்மாள் சொம்பைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

அவர்கள் என்ன நினைத்தார்கள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த ஊரில், இந்த வீட்டு வாசலில், என்னைப் போன்ற ஒருவன் தண்ணீர்ச் சொம்பைப் பார்த்துத் தயங்கினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். நான் கை நீட்டிச் சொம்பை வாங்கி மொத்தத்தையும் குடித்தேன். மூச்சு வாங்கியது. பிறகு டாக்டரையும் ஒரு லிட்டரையும் கறிவேப்பிலைச் செடியையும் பற்றிச் சொன்னேன்.

ஏழுமலை சிரித்தார். "அத முதல்லயே சொல்றதுதான சார். சொல்ல வேண்டியத சொல்லவே மாட்டீங்க."

அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஏசி, டப்பா, வெயில், பதினைந்து, இருபது. சொல்லச் சொல்ல அவர் ஃபேனின் இறக்கையைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். அவர் அதிர்ச்சி அடைவார் என்று எதிர்பார்த்தேன். அடையவில்லை.

"அது தெரியும் சார்."

"தெரியுமா? எப்போ?"

"அன்னிக்கே. நீங்க ஷெட்டுல வந்து அளந்தீங்க இல்ல, அப்பவே உங்ககிட்ட சொன்னேன். சார், உங்க ரூம் சில்லுன்னு கீது, இங்க நெருப்பா கீது, இந்த டிரம்ம அங்க கொண்டுபோய் கொஞ்ச நேரம் வெச்சி அளந்து பாருங்கன்னேன்."

"என்கிட்டயா?"

"உங்ககிட்டதான். 'எனக்கே கிளாஸ் எடுக்கிறியா நீ'ன்னீங்க. எல்லாரும் சிரிச்சாங்க."

வாசகர்களே, இது எனக்கு நினைவில்லை. இத்தனை வருடங்களாக நான் சுமந்துகொண்டிருந்தது, உண்மை தெரிந்த பிறகு வாயை மூடிக்கொண்டேன் என்ற ஒரே குற்றத்தைத்தான். அதற்கு முன்பே அவர் வாயை நான் மூடியிருக்கிறேன். அது எங்கே போனது? உண்மையிலேயே மறந்தேனா, இல்லை, மறப்பது எனக்கு வசதியாக இருந்ததா? அன்றிலிருந்து இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு சமயம் அந்தச் சிரிப்பு காதில் கேட்பது போல இருக்கிறது. மறு சமயம், அவர் சொன்னதால்தான் கேட்கிறதோ என்று தோன்றுகிறது. கப் இருந்தால் கலவையை அளக்கலாம். நினைவை எந்த அறையில் வைத்து அளப்பது?

"என்னை மன்னிச்சிடுங்க ஏழுமலை" என்றேன்.

அவர் இறக்கையைத் திருப்பி மறுபக்கத்தைத் துடைத்தார். கோபம் மாதிரியும் இல்லை, கனிவு மாதிரியும் இல்லை.

"மன்னிப்பெல்லாம் குடுத்துட்டுப் போனா, அத நான் எங்க வெக்கிறது சார்? எனக்கு ஒரு பேஜாரும் இல்ல. ரிட்டயர் ஆய்ட்டேன், ஃபேன் ரிப்பேர் பண்றேன். எம் பொண்ணுக்குத்தான் ரோதன. லீடு வேல வருதாம். பின்னால நின்னு தண்ணி தண்ணின்னு கத்துறானுங்க. இத்தினி வருஷத்துல ஒரு நாளு என்கிட்ட வந்து, அப்பா நீ ஊத்துனியான்னு அவ கேட்டதில்ல. அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். உங்களுக்கும் தெரியும். தெரியாதவங்ககிட்ட சொல்லாம, தெரிஞ்ச என்கிட்ட வந்து சொல்றீங்க."

"எச்.ஆர்.க்கு லெட்டர் எழுதித் தர்றேன்."

"எழுதுங்க. ஆனா லெட்டர் ஃபைலுக்குள்ள போய்டும். ஃபைல யாரு பாக்கப் போறாங்க? சிரிக்கிறவன் எல்லாம் ஃப்ளோர்லதான கீறான்." துணியை உதறிக்கொண்டே, "நீங்க வாரா வாரம் புக்குல எழுதுறீங்களாமே? கேன்டீன்ல கெடக்கும், எல்லாரும் சாப்டுக்கினே படிப்பாங்கன்னு பவானி சொல்லும்" என்றார்.

"ஆமா."

"அதுல எழுதுங்க. பேரப் போட்டு எழுதுங்க. 'ஒரு தொழிலாளி', 'அன்பர் ஒருவர்'னு எழுதாதீங்க. எம் பேரு ஏழுமலை."

கிளம்பும்போது எழுந்து வாசல் வரை வந்தார். வணக்கம் வைக்கவில்லை, ஃபேன் இறக்கை கையில் இருந்தது. மன்னித்தாரா? தெரியவில்லை. மாதனூரில் பஸ்ஸுக்கு நிற்கும்போது அதையே யோசித்தேன், வீட்டில் மனைவி, "எத்தனை டம்ளர்?" என்று கேட்டபோதும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

நிவேதாவுக்குக் கடிதம் போய்விட்டது. அதில் ரிப்போர்ட் தவறு என்பதையும், தவறு யாருடையது என்பதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். 'பார்த்தேன் சார், டிஸ்கஸ் பண்றோம்' என்று பதில் வந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்றும் எனக்குப் புரியவில்லை. ஃப்ளூயிடிட்டி என்றால் என்னவென்று கேட்டால், ஒரு மாதம் முன்பு வரை டக்கென்று சொல்லியிருப்பேன். இப்போது கேட்காதீர்கள்.

முடிவெடுக்கும் நாள் வருகிற திங்கட்கிழமை. இந்த இதழ் அதற்கு முன்பே, வெள்ளிக்கிழமை வந்துவிடும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்தக் கேன்டீன் மேஜையில் இதைப் பிரித்து வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த வரியை மட்டும், பின்வரிசை வரைக்கும் கேட்கிற மாதிரி, கொஞ்சம் சத்தமாகப் படித்துவிடுங்கள்.

ஏழுமலை தண்ணீர் ஊற்றவில்லை.